நாற்பத்தேழாம் குப்பி

அக்கரைப்பேட்டையில் பொழுது
ஐஸ் உடைக்கும் சத்தத்திலிருந்து விடிகிறது.
கத்தரிக்கோலோடு நிற்கிறேன்.
ஒரு மீனுக்கு ஒரு துணுக்கு,
துடுப்பின் ஓரத்தில், நகக்கண் அளவு.
குப்பிக்குள் போட்டு எண் எழுதுகிறேன்.
ஒட்டுத்தாள் ஈரத்தில் சுருள்கிறது.

"வெட்டுப்பட்ட மீனுக்கு வெல கொறையும், தெரியுமுல்ல?"
செங்கேணி முறைத்தாள்.
பத்து ரூபாய் நீட்டினேன்.
"அப்ப அந்தப் பக்கமும் வெட்டிக்க."

வரிச்சூரை, எலிச்சூரை, ஒற்றைக் கேரை.
எத்தனையோ லட்சம் வருஷத்துப் பாகப்பிரிவினை
ஒரே கூடையில்,
ஒரே ஐஸில்,
ஒரே ஈ மொய்க்க.

ஏலம் விடும் தனவேல்
கேரைக்குப் பக்கத்தில் மயில்மீனைக் கிடத்தி
அண்ணன் தம்பி போல இருக்குது பாருங்க என்றார்.
இருந்தன.
அதே நீல முதுகு, அதே பிறைவால்,
தண்ணீரைக் கிழிக்கவென்றே இழைத்த உடம்பு.

தஞ்சாவூர் ஆய்வகத்தில்
நான்கே எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து
இல்லை என்றன.
மயில்மீனுக்கு நெருங்கிய சொந்தம்
சேற்றில் ஒருக்களித்துப் படுத்து
இரண்டு கண்ணையும் ஒரே கன்னத்தில் வைத்திருக்கும்
எருமைநாக்கு.
சூரையின் உறவு வவ்வாலோடு.
வெள்ளி நாடா போல் நெளியும் வாளையோடு.
இன்னும் கொஞ்சம் பின்னால் போனால்
நிமிர்ந்தபடி நீந்துகிற கடல்குதிரையின் வாசல்.
ஆழ்கடல் ஒரு தையற்காரன்;
யார் வந்தாலும் ஒரே அளவில் சட்டை.

அடுத்த வாரம் இதைச் சொன்னேன்.
"வவ்வாலும் சூரையும் பங்காளியா?
அப்புறம் ஏன் அது எண்ணூறு, இது நூத்தம்பது?"
பக்கத்துக் கூடைக்காரி வெற்றிலையைத் துப்பினாள்:
"பங்காளிக்குள்ள என்னைக்குடி சமமா இருந்துச்சு."

திரையில் வரைந்த மரத்தைச் சாய்த்துப் பார்த்தால்
பொதுப்பணித்துறைச் சுவரில் தொங்கும் வரைபடம்.
கல்லணையில் ஒரு தண்டு,
அப்புறம் கிளை, கிளைக்குள் கிளை,
கடைசியில் மயிரிழை வாய்க்கால்கள்.
நாகப்பட்டினம் பேருந்தில்
வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கி, கடுவையாறு
என்று பலகை பலகையாய்க் கடக்கிறேன்.
எந்தப் பாலத்துக்கு அடியிலும்
தண்ணீருக்குத் தன் பெயர் தெரியவில்லை.

நாற்பத்தேழாம் குப்பிதான் சிக்கல்.
எலிச்சூரையில் இரண்டு வகை:
ஒன்று உருட்டுக்கட்டை,
மற்றது சற்றே தட்டை.
நாற்பத்தேழின் உடம்பு தட்டை.
தாய் மட்டுமே கடத்துகிற எழுத்தோ
உருட்டுக்கட்டையின் வீட்டைக் காட்டுகிறது.

என் கை ஈரமாக இருந்திருக்கலாம்.
ஒட்டுத்தாள் மாறியிருக்கலாம்.
அல்லது
குறுவை முறைத்தண்ணீர் நாட்களில்
நள்ளிரவில் யாரோ கரையை வெட்டிவிட
ஒரு வாய்க்காலின் நீர்
அடுத்த வாய்க்காலுக்குள் போய்விடுகிறதே,
விடிந்ததும் ஊரே வாய்மூடி நிற்கிறதே,
அப்படி ஏதோவொரு முன்தாய்
எல்லை தெரியாமல், அல்லது நன்றாகவே தெரிந்து.

"தப்பு சாம்பிள், எடுத்துவிடுங்கள்"
என்றார் டாக்டர் இளங்குமரனார், நிமிராமல்.
நான் அந்த வரிசையின் மேல்
சுட்டியை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.
டெல்டாவில் பிறந்தவளுக்கு
மடை கசியும் என்பது
பிழை என்று படவில்லை.

உடம்பை இன்னொரு முறை அளந்தால் தீரும்.
முதல் பேருந்தில் போய்க் கேட்டேன்.
"வாலோரம் வெட்டினியே, அதுவா?
இதுன்னும் இல்லாம அதுன்னும் இல்லாம கெடந்துச்சு.
ஒருத்தனும் கைவைக்கல.
நானே கொழம்பு வெச்சுட்டேன்."

எப்படி இருந்தது என்றேன்,
ஆய்வாளர் கேட்கக்கூடாத கேள்வி.

செங்கேணி தராசைத் துடைத்தபடி யோசித்தாள்.
"புளி கொஞ்சம் கூட கேட்டுச்சு."

அட்டவணையில் நாற்பத்தேழு இன்னும் இருக்கிறது.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஒன்றும் எழுதவில்லை.