டார்ச் பிடிக்கிற வேலை

வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து கடிதம் வந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஷெர்லின்
காருக்கு அடியில் கிடந்தாள்.
இடையில் ஒரு சனிக்கிழமை.
அன்று தனியாகக் குழித்துறைக்குப் போய்
ஒரு மஞ்சள் பையோடு திரும்பினாள்.

ஆராதனை முடிந்து அருமனையிலிருந்து வரும்போது
வீட்டைத் தாண்டிக் களியல் வரைக்கும் ஓட்டச் சொன்னாள்.
எஞ்சின் சூடானால்தான் ஆயில் இளகி இறங்குமாம்.
மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.
களியல் தாண்டியும் கொஞ்சம் ஓட்டினேன்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாலாயிரம்.
மஞ்சள் பையில் இருந்தது ஆயிரத்து அறுநூறு.
மிச்சம் எங்கே போக வேண்டும் என்று
அவள் சொல்லவில்லை.
பெரியப்பா மகன் கடனுக்கு நான் போட்ட
ஜாமீன் கையெழுத்துக்கு மாதம் எவ்வளவு என்று
இப்போது இரண்டு பேருக்கும் தெரியும்.

அயினிப் பலகைகளை அடுக்கி
முன்சக்கரங்களை ஏற்றினாள்.
பின்னால் கல். கை பிரேக். கியர்.
அதற்கப்புறமும் தோளால் வண்டியை
ஒரு முட்டு முட்டிப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தாள்.
என் வாக்கை இனி அப்படித்தான் முட்டிப் பார்ப்பாள்.

எனக்குக் கிடைத்தது டார்ச்.

'எனக்க கண்ணுல அடிக்காதீங்க. போல்ட்டுல அடியுங்க.'
அடித்தேன்.
'அது போல்ட்டு இல்ல.'

அடியில் கிடப்பவளுக்கு எது தெரியவில்லை என்பது
டார்ச் பிடிப்பவனுக்குத் தெரியாது.

மல்லாந்து கிடந்தால் இடம் வலம் மாறும் என்று
மேலிருந்து ஒரு யோசனை சொன்னேன்.
பதினேழாம் நம்பர் ஸ்பானர் ஒரு கிறீச்சோடு
நான் சொல்லாத பக்கம் திரும்பியது.

ரப்பர் பால் உறைய வைக்கும் அலுமினியத் தட்டில்
கறுப்பாய் விழுந்தது.
முதலில் கயிறு. பிறகு நூல்.
பிறகு பால் எடுத்துப் போன பின்னும்
சிரட்டையில் சொட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சொட்டு.
கறுப்புப் பால் தருகிற ஒரே மரம் என்று
ஒரு தமாஷ் வாய்வரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.

பில்டர் வழுக்கியது. சைக்கிள் டியூப்பைச் சுற்றித் திருகினாள்.
முழங்கை வழியே ஆயில் வழிய, கையில் வந்தது.
அதைப் பார்க்காமல்
அது இருந்த இடத்தை விரலால் தடவினாள்.
நின்றாள். மறுபடி தடவினாள்.

'பழைய வளையம் இங்கேயே ஒட்டிக் கெடக்கு. பாத்தியளா?'

எனக்குத் தெரியவில்லை. டார்ச்சைத் தாழ்த்தினேன்.
குனிந்தேன். பிறகு படுத்தேன், வெள்ளைச் சட்டையோடே.
அப்போது தெரிந்தது:
கறுப்பு உலோகத்தில் கறுப்பு ரப்பர்,
வெட்டுத் தடத்தில் காய்ந்த ஒட்டுப்பால் மாதிரி.

'கெடக்கட்டும்னு புதுச மேல வச்சா
கொஞ்ச தூரந்தான். எல்லாம் ஒழுகிரும்.'

பில்டரைப் பற்றித்தான் சொன்னாள்.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.
அவ்வளவு நேரமும் வெளிச்சம் அசையவில்லை.
அதை அவள் கவனித்தாளா, தெரியாது.

புது வளையத்தில் புது ஆயில் தொட்டுத் தடவி,
முட்டியதும் இன்னும் முக்கால் சுற்று.
ஸ்பானரை நீட்டினேன்.
'வேண்டாம். கை மதி.'

சாவி போட்டதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு.
ஸ்டார்ட் செய்தாள். ஒண்ணு. இரண்டு.
மூன்று என்பதற்குள் அணைந்தது.
கீழே பார்த்தேன். ஒழுகவில்லை.

கழிவு ஆயிலை வேலிக்கல் தாண்டி டென்சிங் கேட்டான்,
கம்புக்குப் பூசினால் கறையான் அரிக்காதாம்.
'கெணத்துக்கு எறங்கும்' என்று சொல்லி
காலி கேனில் ஊற்றி மூடி, என்னிடம் நீட்டினாள்.
'நாளைக்கு ஒர்க்‌ஷாப்புல குடுத்திருங்க.
அங்க கையெழுத்து ஒண்ணும் போடாண்டாம்.'

பானட்டின் உள்பக்கம் டேப் ஒட்டி எழுதினாள்:
62,410.
அதன் கீழே, 72,410.
நாங்கள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு
ஒன்றேகால் வருஷம் ஆகும்.
தவணை இன்னும் இருபத்திரண்டு.

முற்றத்தில் நல்ல வெயில்.
கை கழுவப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

'டார்ச்ச அணையுங்க.'