தொகையீட்டு மாறிலி

அறிவியல் நகர் பெண்கள் விடுதி, நாலாம் அறை.
நாலு கட்டில், ரெண்டு மேசை.
செம்மண் தூசு எல்லாருக்கும் பொது.
கேத்தல் ஒண்டு இருக்கு, வோர்டனுக்குத் தெரியாது.

முதலாம் வருட விரிவுரை
ஏ-ஒன்பதில் போகும் கொழும்பு பஸ்,
எங்கள் தரிப்பில் நிற்காது.
விட்டதை இரவில் பொறுக்குவோம்:
கிண்ணியா பஸ்மியா குறிப்பை வாசிப்பாள்,
புசல்லாவை ஜெனிட்டா கீறிப் பார்ப்பாள்,
நான் ஏன் ஏன் எண்டு கேட்டு
எல்லாரையும் தாமதமாக்குவன்.
நல்ல கல்குலேட்டர் வத்சலாவிடம்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போச்சு.
போன் வெளிச்சத்தில் ஐந்தாம் கணக்கு.
"படகினி" என்றாள் வத்சலா.
பிறகு தானே பெயர்த்தாள், சொல்லுக்குச் சொல்:
"வயித்தில நெருப்பு."
எம்பிலிப்பிட்டியவில் பசிக்கு அதுதான் பெயராம்.

சிரித்தோம்.
"தமிழில வயிறு எரிஞ்சா அது வேற" என்றாள் பஸ்மியா.
"வேற என்ன?"

அந்தச் சொல்லை என் அம்மா
லாமினேட் செய்த ஒரு படத்துக்கென்று வைத்திருக்கிறா.
கச்சேரிக்குப் போகும் நாட்களில் மட்டும் எடுப்பா.

"கணக்கைப் பார்" என்றேன்.

பார்த்தாள்.
தொகையிட்ட வரியின் கடைசியில்
நான் விட்டுவிட்ட மாறிலியை
சிவப்புப் பேனையால் சேர்த்தாள்.
"எவ்வளவு எண்டு தெரியாது," உடைந்த தமிழில்,
"ஆனா எழுதோணும்."

கரண்ட் வந்தது.
கேத்தல் முனகியது.
ரெண்டு பக்கற் நூடுல்ஸ், மூண்டு கரண்டி.
ஜெனிட்டா அடிமட்டத்தால் சாப்பிட்டாள்.