ஆறாப்பு

ஐந்தே முக்காலுக்குக் கம்பத்துத் தெருமுனையில்
ஜீப் ஆரன் அடிக்கும்.
வண்டன்மேட்டு ஏலக்காட்டுக்குப் பதினான்கு பேர்;
அவளுக்குப் பின்சீட்டில் பாதி இடம்.
நான் உள்ளே வர, அவள் வெளியே போக,
"கம்பும் உளுந்தும் ஊறப்போட்ருக்கேன், அப்புறம்..."
மிச்சத்தை ஜீப் கொண்டுபோய்விடும்.

அஞ்சாப்பு வரை கவலையில்லை.
பள்ளிக்கூடத்திலேயே சாம்பார் ஊற்றிய கிச்சடி.
சுருளிவேல் இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறான்.
மேகலா ஆறாப்புக்குப் போனாள்,
அவள் பசி எங்கள் அடுப்புக்குத் திரும்பிவிட்டது.

ராத்திரி முழுக்க வாழைத்தார் ஏற்றிய தோள்;
மிக்சியைத் தூக்கவே வலிக்கிறது.
ஒரு வெங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை.
முதல் அடை கிழியும், அது எனக்கு.
இரண்டாவது அவளுக்கு.
கூடவே லாரியடியில் உதிர்ந்த
நாழிப்பூவன் ஒன்று,
எந்தக் கணக்கிலும் வராத பழம்.

"கருப்பா இருக்குப்பா" என்றாள் முதல் நாள்.
"உன் சடையுந்தான்" என்றேன்.
சிரிக்கவில்லை. தின்றாள்.

இன்று எட்டு பத்துக்குத்
தட்டில் பாதி அடை அப்படியே.
திட்ட வாயெடுத்தேன்.
"டிபன் பாக்ஸ்ல வைப்பா.
பர்வீன் தெனம் வெறும் வயித்தோட வர்றா."

அப்போதுதான் போன் அடித்தது.
காட்டில் ஒரே ஒரு பாறைமேல்தான் சிக்னல்,
அதிலும் பாதி காற்று.
"பிள்ளை சாப்பிட்டுச்சா?"

"நாளைக்கு ரெண்டு கை
கூட ஊறப்போடு" என்றேன்.

கேட்டதா தெரியவில்லை.