சனிக்கிழமை விலை

திங்கட்கிழமை கிலோ அறுபது ஸ்வோட்டி.
செவ்வாய் ஐம்பது. புதன் முப்பத்தைந்து.
இப்படியே இறங்கி இறங்கி
சனிக்கிழமை எட்டு.
ஞாயிறு கடை கிடையாது.
மிஞ்சியதை லாரி அள்ளிக்கொண்டு போகும்.

வூச் நகரத்தில், பியோத்ர்கோவ்ஸ்கா தெருவுக்குப் பின்னால்,
ஒரு காலத்தில் நூல் நூற்ற ஆலையின் தரைத்தளத்தில்
இங்கிலாந்துக்காரர்கள் கழற்றிப் போட்டதை
நான் நிறுத்துக் கொடுக்கிறேன்.
ஆள் பாதி ஆடை பாதி என்றால்
அந்த இரண்டாவது பாதிக்கு மட்டும்
எங்களிடம் தராசு உண்டு.

தராசுக்கு ஒரு இழவும் தெரியாது.
பட்டு அதற்குக் காற்று, கம்பளி அதற்குக் கல்.
இதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.
திங்கள் காலை, கடை திறந்த கையோடு வந்து
பட்டு ஸ்கார்ஃப் ஒன்றை வழித்தெடுத்து வைப்பாள்.
எழுபது கிராம், நான்கு ஸ்வோட்டி இருபது.
கம்பளிப் பக்கம்
சனிக்கிழமைதான் தலைகாட்டுவாள்.

நோட்டரி ஆபீசில் தொலைபேசி எடுக்கிற வேலை.
அங்கே வருகிறவர்கள் வீடு வாங்குகிறவர்கள்.
ஷூ முனையில் தோல் உரிந்த இடத்தில் மார்க்கர் மை,
மழை நாளில் மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.
ஸ்வெட்டரில் உருண்டு நின்ற பஞ்சை ரேசரால் மழித்திருப்பாள்.
காலுறையில் ஓடிய கிழிசல்
ஒரு சொட்டு நகப்பூச்சில் நின்றுபோயிருக்கும்.
எல்லாம் அருகில் போய்ப் பார்த்தால்.
அருகில் விடமாட்டாள்.

புதன்கிழமை அந்தக் கோட்டு வந்தது.
ஒட்டக நிறம். லைனிங் பழுதில்லை.
இரண்டு பட்டன் இல்லை.
மதிய இடைவேளையில் வந்தவள்
ஒரு கையை மட்டும் உள்ளே நுழைத்து
உடனே உருவிக்கொண்டாள், சுடுதண்ணீர் பார்த்தவள் போல.
ஒரு கிலோ தொள்ளாயிரம்.
அவள் உதடு கணக்குப் போட்டது. அறுபத்தாறரை.
போகிற போக்கில்
ஆண்கள் பைஜாமாவுக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டுப் போனாள்.

வியாழன் மாலை ஓல்கியெர்த் அதைக் கண்டுபிடித்து
முன்வரிசையில் மாட்டினான்.
அவன் டீ குடிக்கப் போனதும்
நான் எடுத்துத் திரைச்சீலைகளுக்கு அடியில் திணித்தேன்.
திருட்டில்லை.
என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை.
வெள்ளிக்கிழமை ஒரு ஆள்
நாய்க்கு விரிக்கத் தடிப்பாக ஏதாவது வேண்டுமென்று
திரைச்சீலை மேல் கை வைத்தான்.
ஓடிப்போய் ஒரு போர்வையை நீட்டினேன்.

அன்று இரவு ஷட்டரை இறக்கியபின்
போட்டுப் பார்த்தேன்.
கண்ணாடியில் யாரோ ஒருத்தி
வீடு வாங்க வந்திருந்தாள்.
கழற்ற மூன்று நிமிடம் ஆனது.
பட்டன் இல்லாத கோட்டுக்கு அது அதிகம்.

சனிக்கிழமை, மூடப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தாள்.
ஓடி வந்த மூச்சு, நடந்து வந்த முகம்.
பைஜாமா வரிசையைப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் நின்றாள்.
மேஜைமேல் எடுத்து வைத்தேன்.
தையல் பிரித்துத் தோள்பஞ்சு இரண்டையும் உருவி
‘இதில்லாமல் நிறுங்கள்’ என்றாள்.
நாற்பது கிராம்.
முப்பத்திரண்டு க்ரோஷி மிச்சம்.
பதினான்கு எண்பத்தெட்டைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்,
பிறகு கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டி.
உள்ளே இரண்டு பட்டன்கள், அதே பழுப்பு.
‘வியாழக்கிழமையே வாங்கிவிட்டேன்.’

நவம்பரில் டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன்.
கூட நின்றவர் பானி பொகுமிவா என்று கூப்பிட்டபோதுதான்
பெயரே தெரிந்தது.
என்னைப் பார்த்தாள்,
கடைக் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி.
அதுவும் சரிதான்,
அப்படிக் கோட்டுப் போட்டவளுக்கு
என்னை எங்கிருந்து தெரியும்?
தோள் நன்றாக விழுந்திருந்தது, பஞ்சில்லாமலே.

மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும்
ஒற்றை நூலில் தொங்கியது.
சொல்லலாமா என்று நினைப்பதற்குள்
டிராம் வந்துவிட்டது.