இரண்டு பிடி

வலப்பிடி வேகம், இடப்பிடி திசை,
நடுவே சுக்கான். எஞ்சின் ஒன்றுதான்.
விற்றவன் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினான்:
"மூச்சைக் குறைச்சிட்டு கியரைத் தொடுங்க.
இரையும்போது தொட்டா பல்லு போயிரும்."

பாதிப் பணம் என்னுடையது. மீதி சீமோனுடையது,
என் தங்கச்சி மாப்பிள்ளை.
பதினோரு மாதமாய்ப் பேச்சில்லை எங்களுக்குள்.
நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், ஒரு நெத்திலி வலை,
பந்தியில் யாரோ சிரித்த சிரிப்பு.
படகைக் குறுக்கே அறுக்க முடியாததால்
சேர்ந்தே போவோம். அவன் அணியத்தில், நான் அமரத்தில்,
நடுவில் சலேத்து, சொல் கடத்தும் பையன்.
"நங்கூரம் போடச் சொல்லுதாவ."
"போட்டாச்சுன்னு சொல்லு."

அன்று சலேத்துக்குக் காய்ச்சல்.

கெளுத்தி முள் என் வலக்கையில்,
பெருவிரல் சவ்வில் இறங்கி மூன்று மணி நேரம்.
கை என்னுடையதாக இல்லை.
விடியாத கூத்தங்குழியில்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் ஏறி ஏறி இறங்கின.
தூண்டில் வளைவின் வாயில்
அலை குனிந்து குனிந்து நுழைந்துகொண்டிருந்தது.
கச்சான் இடப்புறமிருந்து இடித்தது.
இருந்த ஒரு கை சுக்கானுக்கு.
பிடிகளுக்குக் கை இல்லை.

நான் கூப்பிடவில்லை.
மீன்பெட்டிகளைத் தாண்டி அவனாக வந்து
இரண்டு பிடியிலும் கை வைத்தான்.
நான் எஞ்சினிடம் சொன்னேன்:
"குறை."
குறைந்தது.
"நியூட்ரல்."
எங்குமே போகாத அந்த ஒரு கணம்
எஞ்சின் உறுமும், படகு கடலுக்குச் சொந்தம்.
"முன்னால. கொஞ்சமா."

வாயில் நுழைந்ததும் பின்னாலிருந்து ஓர் அலை தூக்கியது.
அமரம் கிழக்குக் கற்களை நோக்கிச் சரிய
"பின்னால!" என்று கத்தினேன்,
குறை என்பதை விட்டுவிட்டு.
அவனும் விட்டுவிட்டான்.
கியர்பெட்டிக்குள் ஆணிகளை அள்ளிக் கொட்டிய சத்தம்.
பிறகு பிடித்தது.
பின்கியரில் இந்தப் படகின் பிட்டம்
எப்போதும் இடப்பக்கமே இழுக்கும்,
வாங்கிய நாளிலிருந்து இருவரும் திட்டிய குணம்.
அதுதான் கல்லிலிருந்து ஒரு முழம் விலக்கியது.

"பொறுத்துக்க" என்றான் சீமோன்.
கியர்பெட்டியைப் பார்த்துத்தான் சொன்னான்.
"தப்பு ஏங்கிட்ட" என்றேன், சுக்கானிடம்.

ஏலத்தில் வழக்கம்போல் இரண்டு கூறு, இரண்டு நோட்டு.
நாற்பத்திரண்டாயிரம் அசையவில்லை.
வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுமுன்
தங்கச்சி போணி நிறையச் சுடுதண்ணியோடு வந்து
என் கையை அதில் அமுக்கிப் பிடித்தாள்.
"யாரும் சொல்லி வரல" என்றாள், நான் கேட்காமலே.
பொறுக்கிற சூட்டுக்கும் கொஞ்சம் மேலே இருந்தது.