இடது பக்கம்

எத்தனை தரம் பிரண்டது?
பதினொன்று என்றேன். எழுதிக்கொண்டாள் டாக்டர் ரோஷா.
ஏழோடு நான் எண்ணுவதை விட்டது
அவளுக்குத் தெரியாது.

குதிக்காலைப் பிடித்து முன்னே இழுத்தாள்.
பழங்கதவின் பிணைச்சல்போல
ஆடிக்கொடுத்தது கணுக்கால்.
நார் அறவில்லையாம், நீண்டுவிட்டதாம்.
பலதரம் தோய்த்த காற்சட்டை இலாஸ்டிக்கை நினைத்தேன்.

வெட்டி, இழுத்து, எலும்பில் தைக்கலாம்.
ஆறு கிழமை ஊன்றுகோல்.
மாத முடிவுக்குள் பதில் சொல்லுங்கள்.

ஆறு கிழமை என்றால்
லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி,
விடிய மூன்று மணிக்கு பேக்கரி,
தர்மினி இரண்டுதரம் கூட்டிப் பார்க்கும்
வாடகைக் கணக்கு.
பட்டி கட்டிக்கொண்டே ஓட்டலாம் என்கிறார் நித்தி அண்ணை.
அவருக்கு முழங்கால்.

லோசானில் சமதரை கிடையாது.
ஏற வேண்டும், இல்லையேல் இறங்க வேண்டும்.
ஈர இலை, சாக்கடை மூடி, உடைந்த படிவிளிம்பு.
ஒன்பது வருசமாக நான் வாசிப்பது
நிலத்தை மட்டும்தான்.

வியாழன் பின்னேரம், சந்தைப் படிக்கட்டு.
பள்ளிக்கூடத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்த ஆரணி
கதையை நிறுத்தாமல்,
என்னைப் பாராமல்,
வலப்பக்கமிருந்து இடப்பக்கம் மாறினாள்.
தோளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாள்,
என் கைக்கு எட்டும்படி.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எப்போதிருந்து?

இரவே கையெழுத்து வைத்தேன்.
தபால்பெட்டி வரை கல் பாவிய இறக்கம்.
கால் ஒருதரமும் பிரளவில்லை.
அடி நிச்சயம் என்று தெரிந்த பிறகு
கொப்பியில் அழகாக எழுதும் பிள்ளை மாதிரி
ஒவ்வொரு எட்டையும்
பார்த்துப் பார்த்து வைத்தது.