சொல் உதிரும் சுவர்

எங்கள் தீவுக்கு வாய்த்த கல் இரண்டு வகை.
ஃப்ராங்கா:
குழியில் வெட்டும்போது பாலாடைக்கட்டி,
வெயில் கண்டதும் தேன் நிறத்தில் தோல் கட்டி
முந்நூறு மாரி தாங்கும்.
மற்றதன் பெயர் சொல்.
அதே குழி, அதே மஞ்சள்,
ஏமாந்தவன் தலையில் அதே விலைக்குக் கட்டலாம்.
பத்து வருஷம் இரண்டும் அண்ணன் தம்பி.
அப்புறம் கடற்காற்று வரும்,
உப்போடு, கணக்குக் கேட்க.

அப்பா விஸ்டின் உளியின் பிடியால் தட்டுவார்.
ஃப்ராங்கா வெண்கலம்போல் பதில் தரும்.
சொல் பதில் சொல்லாது.

ஐயாயிரம் வருஷத்துக்கு முன்
இரும்பையே அறியாத யாரோ
இந்தக் கல்லை நிறுத்தி
உள்ளே தடித்த தொடையுள்ள ஒரு தேவதையை வைத்தார்கள்.
பிறகு சிலுவை போட்ட பிரபுக்கள் வந்தார்கள்,
கோட்டை கோட்டையாகக் கேட்டார்கள்.
தோண்டிய பள்ளத்தில் எலுமிச்சை நட்டோம்;
காற்று எட்டாத ஆழத்தில்
அது இன்றும் காய்க்கிறது, யாருக்கும் நன்றி சொல்லாமல்.
நாற்பத்திரண்டில் வானம் விழுந்தபோது
ஊரே இந்தக் கல்லைக் கீழ்நோக்கிக் குடைந்தது.
அக்கா லோன்ஸா அந்த வளைக்குள்தான் பிறந்தாள்.
முதல் மூன்று மாதம் அவள் தலைமயிரில்
எப்போதும் மஞ்சள் தூள்.

குண்டு கோவிலின் வலது கோபுரத்தைக் கொண்டுபோனது.
ஐம்பத்தொன்றில் திரும்பக் கட்டினார்கள்.
காசு லண்டனிலிருந்து.
கல் ஸாரன் புஜேயாவின் குழியிலிருந்து.
வண்டி வண்டியாக இறங்கியது.
அப்பா தட்டினார்.
மூன்றில் ஒன்று பேசவில்லை.

வீட்டில் ஏழு வாய்.
ஸாரன்தான் சனிக்கிழமைக் கூலி.
பாதிரியாரோ ஸாரன் வீட்டு முயல் கறிக்கு
வாரம் ஒருமுறை போய்வருபவர்.
அப்பாவும் பேசவில்லை.

ஆனால் கை பேசியது.
பேசாத கற்களை எல்லாம்
சுவரின் உள்வரிசைக்கு,
மணிக்கூண்டுப் படிக்கட்டின் இருட்டுக்கு,
மழை முகவரி அறியாத இடங்களுக்கு அனுப்பினார்.
வெளிமுகம் முழுக்க ஃப்ராங்கா.
ஒரே ஒரு கல் தவிர.

வாசலுக்கு வலப்பக்கம், நெஞ்சு உயரத்தில்,
உபயம் செய்தவர் பெயர் பொறித்த கல்.
ஸாரன் தன் தோட்டத்து மேஜையிலேயே
எழுத்தின் அளவைக் காட்டிச் சொல்லியிருந்தான்:
கடலிலிருந்து வருபவனுக்கும் தெரியவேண்டும்.
அப்பா ஊமைக் குவியலில் தேடி
மிக அழகான, மிக ஊமையான ஒன்றை எடுத்தார்.
எட்டு நாள் செதுக்கினார்.
அவ்வளவு நேர்த்தியாக
அவர் வேறெதையும் செதுக்கியதில்லை.

ஸாரன் அவருக்கு ஒரு கோட்டு பரிசளித்தான்.

மகள் கல்யாணத்தில் எழுத்து எல்லாம் இருந்தது.
மகன் கல்யாணத்துக்குள்
முதல் எழுத்தின் வால் போயிற்று.
பேரன் ஞானஸ்நானத்தில்
புகைப்படக்காரர் குடும்பத்தைச் சற்று
இடப்பக்கம் நகர்ந்து நிற்கச் சொன்னார்.
எண்பத்தாறில் அங்கே கல் மட்டும் இருந்தது,
பிறகு கல்லில் ஒரு குழிவு.
இப்போது பூசைக்குச் சலிக்கும் பிள்ளைகள்
அதில் விரலை விட்டுக் குடைகிறார்கள்.

போன மாதம் பேரன் வந்தான்,
இத்தாலியப் பளிங்கில் பெயர் வெட்டிக்கொண்டு.
வந்த பொறியாளர் பெண் கருவியால் சுவரைத் தட்டிவிட்டு
வெகுநேரம் நின்றாள்.
"கட்டியவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்றாள்.
யார் என்று கேட்டாள்.
நான் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கோவில் துப்புரவு என் முறை, வியாழன்தோறும்.
அந்தக் கல்லுக்குக் கீழே ஒவ்வொரு முறையும்
ஒரு கைப்பிடி உதிர்ந்திருக்கும்,
மாவுபோல், மெல்லியதாக.
கொட்டுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.
ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால்
செம்புச் சட்டி
முகம் தெரியப் பளபளக்கிறது.